எங்கிருந்து அளப்பது? இடுப்புறுப்பு இறக்க எம்.ஆர்.ஐ.யில் அளவுப் பிழையைக் குறைக்கும் வழி

ஒரே பெண்ணின் ஒரே படத்தை இரண்டு பேர் அளக்கிறார்கள். சிறுநீர்ப்பை ஒருவர் கணக்கில் 2.6 செ.மீ. இறங்கியிருக்கிறது, இன்னொருவர் கணக்கில் 3.4 செ.மீ. முதல் ரிப்போர்ட்டில் 'இலேசான இறக்கம்' என்றும் இரண்டாவதில் 'நடுத்தர இறக்கம்' என்றும் வருகிறது. ரிப்போர்ட்டைப் படிக்கும் அறுவை மருத்துவர் எதை நம்புவார்?

திரையில் இருக்கும் அளவுகோலைக் குறை சொல்ல முடியாது. 30 செ.மீ. பரப்பை 256 புள்ளிகளாகப் பிரித்த படத்தில் ஒரு புள்ளி 1.2 மி.மீ. தான். கை தவறி இரண்டு புள்ளி தள்ளி வைத்தாலும் கால் செ.மீ.க்குள் அடங்கிவிடும். பெரிய பிழைகள் வேறு இடத்தில் பிறக்கின்றன. நோயாளி போதிய அளவு முக்காதது முதல் காரணம், ஆதாரக் கோட்டை இடம் மாற்றிப் போடுவது இரண்டாவது, தவறான ஃபிரேமைத் தேர்ந்தெடுப்பது மூன்றாவது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த அத்தியாயமும் அதே விகிதத்தில் போகிறது.

டைனமிக் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தொடங்கியிருக்கும் டெக்னீஷியனும் முதல் சில ரிப்போர்ட்டுகளை எழுதப்போகும் ரேடியாலஜி மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதாக நினைத்து எழுதியிருக்கிறேன். இருவரில் ஒருவர் மட்டும் கவனமாக இருந்தால் அளவு சரியாக வராது.

படம் எடுக்கும் முன்

முதலில் பாதுகாப்பு. வழக்கமான எம்.ஆர்.ஐ. கேள்விப் பட்டியலோடு இந்தப் பரிசோதனைக்கென்று சில கேள்விகள் கூடுதலாக உண்டு.

1. பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, உடம்பில் இரும்புத் துகள், கர்ப்பம் ஆகியவற்றை வழக்கம்போல் கேளுங்கள். எதற்காவது 'ஆமாம்' என்று பதில் வந்தால் ரேடியாலஜிஸ்ட் பார்க்கும்வரை நோயாளியை உள்ளே விடக் கூடாது.

2. கருப்பை இறக்கத்துக்காக யோனியில் வளையம் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பெசரி என்ற சொல் பலருக்குத் தெரியாது. "உள்ள ரப்பர் வளையம் ஏதாவது வச்சிருக்காங்களா?" என்று கேட்டால் புரியும். வளையம் உள்ளே இருந்தால் இறக்கம் தெரியாது, சில வகைகளில் உலோகக் கம்பியும் இருக்கும். பரிந்துரைத்த மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே எடுக்கச் சொல்லுங்கள்.

3. காப்பர்-டி போட்டிருந்தால் அதன் வகையைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்று புழக்கத்தில் உள்ள செம்பு வகைகளில் பலவற்றை 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா இயந்திரங்களில் நிபந்தனைகளுக்கு உட்பட்டு எடுக்கலாம். எப்போது, எங்கே போட்டது என்று தெரியாத பழைய உலோக வளையம் என்றால் நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

4. முன்பு கருப்பை அகற்றப்பட்டதா, இறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்தார்களா என்று கேட்டு எழுதுங்கள். அளக்கும் புள்ளியே இதனால் மாறும்.

5. இதய நோய், அண்மையில் கண் அல்லது வயிற்று அறுவை, குடலிறக்கம் இருந்தால் பலமாக முக்கச் சொல்லலாமா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சை அடக்கி முக்கும்போது ரத்த அழுத்தம் ஏறி இறங்கும். தலைசுற்றல், நெஞ்சு அழுத்தம் என்று நோயாளி சொன்ன உடனே நிறுத்துங்கள். படம் பாதியில் நின்றால் நிற்கட்டும்.

நகை விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தாலிச் சங்கிலியைக் கழற்ற நடுத்தர வயதுப் பெண்கள் பலர் தயங்குவார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சங்கிலியில் ஊக்கு மாட்டியிருப்பார்கள். ஊக்கு இரும்பு, அது பறக்கும். கொக்கியிலும் பற்றவைப்பிலும் எந்த உலோகம் கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. முந்தைய நாள் தொலைபேசியில் சொல்லிவிட்டால் மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றை அணிந்து வந்துவிடுவார்கள். வந்த பிறகு வாசலில் நிறுத்தி வாதாடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஜரிகைச் சேலை, உலோக நூல் கலந்த உள்ளாடை எல்லாவற்றையும் மாற்றி மருத்துவமனை உடையைக் கொடுங்கள்.

அடுத்தது தயாரிப்பு. படம் எடுப்பதற்கு ஏறக்குறைய 2 மணி நேரம் முன்பு சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பை முட்ட நிறைந்திருந்தால் அது கீழே இறங்கி மற்ற உறுப்புகளின் இடத்தை அடைத்துக்கொள்ளும், கருப்பையும் மலக்குடலும் இறங்காததுபோல் தெரியும். முழுக்கக் காலியாக இருந்தால் அதன் அடிப்பகுதியைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். அரைகுறையாக நிறைந்திருப்பதே நமக்கு வேண்டியது.

மலக்குடலில் அல்ட்ராசவுண்ட் ஜெல் ஏற்ற வேண்டும். பல மையங்களில் 120 மி.லி.யிலிருந்து 200 மி.லி. வரை பயன்படுத்துகிறார்கள். அளவு எதுவானாலும் உங்கள் துறையில் எல்லா நோயாளிக்கும் ஒன்றே இருக்கட்டும். மெல்லிய முனையுள்ள குழாயை நன்றாக வழவழப்பாக்கி, நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மெதுவாக ஏற்றுங்கள். தள்ள வேண்டியிருந்தால் நிறுத்துங்கள். ஆசனவாயில் புண், வெடிப்பு, அண்மையில் அறுவை உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் ஏற்றவே கூடாது. ரப்பர் ஒவ்வாமை உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முக்கச் சொல்லிக்கொடுப்பது

இந்தப் பரிசோதனையின் துல்லியம் பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. கோட்டை எவ்வளவு நேர்த்தியாகப் போட்டாலும் நோயாளி முக்கவில்லை என்றால் நீங்கள் அளப்பது படுத்திருக்கும் உடம்பைத்தான்.

அவர் ஏன் முக்க மாட்டார் என்று யோசியுங்கள். குறுகலான குழாய்க்குள் மல்லாந்து படுத்திருக்கிறார். வயிற்றில் ஜெல் இருக்கிறது. அது மேசையில் கொட்டிவிடும் என்ற வெட்கம் இருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் ஆண் குரல் கேட்கிறது. அந்த நிலையில் 'ஸ்ட்ரெயின் பண்ணுங்க' என்று ஒலிபெருக்கியில் சொன்னால் எந்தப் பெண்ணும் அடிவயிற்றை இறுக்கிக்கொள்வாரே தவிர கீழே தள்ள மாட்டார். இறுக்குவது நேர் எதிர்ச் செயல், உறுப்புகள் மேலே ஏறும்.

அதனால் வெளியில் உட்காரவைத்தே பழக்குங்கள். முடிந்தால் ஒரு பெண் ஊழியர் பேசட்டும்.

"அம்மா, உள்ள போனதும் மூணு வேலை சொல்வேன். முதல்ல, காத்து வராம அடக்கிற மாதிரி ஆசனவாயைச் சுருக்கணும். அடுத்தது, மூச்சை இழுத்துப் பிடிச்சு, பிள்ளை பெறும்போது முக்கினீங்களே, அந்த மாதிரி கீழ முக்கணும். கடைசியா, உள்ள விட்ட ஜெல்லை அப்படியே வெளிய தள்ளிடணும்."

"மேசையெல்லாம் நனைஞ்சிடுமேம்மா?"

"நனையட்டும். அடியில பஞ்சு விரிச்சிருக்கு, டயபரும் போட்டிருக்கு. ஜெல்தான் வெளிய வரும், வரணும்ங்கறதுக்காகத்தான் விட்டிருக்கோம். அது வெளிய வந்தாத்தான் எனக்குப் படம் கிடைக்கும்."

கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். ஜெல் வெளியே வருவது தவறு என்று நினைக்கும்வரை அவர் முக்க மாட்டார். குழந்தை பெறாதவரிடம், சிசேரியன் மட்டும் ஆனவரிடம், மலச்சிக்கலில் முக்குவதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

உள்ளே படுக்கவைத்ததும் வரிசை இதுதான்:

1. மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துச் சற்று மடக்குங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கக் கூடாது.

2. ஓய்வு நிலையில் மூன்று தளங்களிலும் டி2 படங்கள்.

3. நடுத்தள சாஜிட்டல் ஸ்லைஸில் வேகமான டைனமிக் படங்கள். நொடிக்கு ஒரு படமாவது வர வேண்டும். சுருக்கும்போது ஒரு தொடர், முக்கும்போது ஒரு தொடர். ஒவ்வொன்றும் 20 நொடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் மூச்சைப் பிடிக்க முடியாது.

4. ஜெல்லை வெளியே தள்ளும் தொடர். மலக்குடல் காலியாகும்வரை இடைவெளி விட்டுத் திரும்ப எடுக்கலாம்.

5. மலக்குடல் காலியான பிறகு இன்னொரு முறை முக்கச் சொல்லி எடுங்கள்.

நான்காவதையும் ஐந்தாவதையும் நேரமில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது பெரிய தவறு. முக்கும் படத்தில் தெரியாத இறக்கம் ஜெல்லை வெளியேற்றும்போது தெரிவது சாதாரணம். மலக்குடல் நிறைந்திருக்கும்வரை சிறுகுடலுக்கும் கருப்பைக்கும் இறங்க இடம் கிடைக்காது. அது காலியான பிறகுதான் சிறுகுடல் பின்பக்கமாக இறங்குவது புலப்படும்.

முக்கியது போதுமா என்று படத்தைப் பார்த்தே சொல்லலாம். வயிற்றின் முன்சுவர் முன்னே தள்ளியிருக்க வேண்டும், குடல் மடிப்புகள் கீழே நகர்ந்திருக்க வேண்டும், மலக்குடலும் ஆசனவாயும் சேரும் கோணம் விரிந்திருக்க வேண்டும். மூன்றில் எதுவும் நடக்கவில்லை என்றால் அந்தத் தொடரை அளக்கவே வேண்டாம், திரும்ப எடுங்கள். கோணம் விரிவதற்குப் பதிலாகக் குறுகினால் அவர் முக்கும்போதே தசையை இறுக்குகிறார். சிலருக்கு அதுவே நோய், சிலருக்கு வெறும் பயம். மறுபடி விளக்கிச் சொல்லிப் பார்த்த பிறகே நோய் என்று எழுதுங்கள்.

குறிப்பு: மூன்று முறை முக்கவைத்து, அதிகம் இறங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி போடாதீர்கள். தேவைப்படுவது அதிகபட்ச இறக்கம், சோர்ந்துபோன முயற்சியின் அளவு அல்ல.

நடுத்தளத்தைப் பிடிப்பது

டைனமிக் படத்துக்கு ஒரே ஒரு ஸ்லைஸ்தான், தடிமன் 8 மி.மீ. அளவில் இருக்கும். அது நடுவிலிருந்து விலகினால் பிறகு சரிசெய்ய வழியில்லை. குறுக்குவெட்டுப் படத்தில் முன்பக்க எலும்பு மூட்டின் நடுக்கோடு, சிறுநீர்த்தாரை, யோனி, ஆசனவாய், வால் எலும்பு ஆகிய ஐந்தும் ஒரே நேர்கோட்டில் வரும்படி வையுங்கள். முதுகு வளைந்தவர்களுக்கு ஐந்தும் ஒரே கோட்டில் வராது. அப்போது முன்மூட்டையும் ஆசனவாயையும் முதன்மையாகக் கொள்ளுங்கள், வால் எலும்பின் மூட்டைப் பக்கத்து ஸ்லைஸில் அடையாளம் காணுங்கள்.

நடுத்தளம்தானா என்று சோதிக்க எளிய வழி முன்மூட்டைப் பார்ப்பது. சரியான நடுவில் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள குருத்தெலும்புத் தட்டு தெரியும். எலும்பு மச்சை தெரிந்தால் பக்கத்துக்கு விலகிவிட்டீர்கள். அப்போது மூட்டின் கீழ்விளிம்பு என்று நீங்கள் குறிப்பது எலும்பின் கீழ்விளிம்பாக இருக்கும், அது வேறு உயரத்தில் இருக்கும்.

கோடு போடுதல்

இறக்கத்தை அளக்க எந்தக் கோட்டை ஆதாரமாக வைப்பது என்பதில் உலகம் இன்னும் முழுதாக ஒத்துப்போகவில்லை. அதிகம் புழங்குவது முன்மூட்டையும் வால் எலும்பையும் இணைக்கும் பி.சி.எல். கோடு. ஐரோப்பாவின் சிறுநீர்-இனப்பெருக்க உறுப்புக் கதிரியல் சங்கமும் குடல்-வயிற்றுக் கதிரியல் சங்கமும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட பரிந்துரையும் இதையே ஆதாரமாகக் கொள்கிறது. நாமும் அதிலேயே நிற்போம்.

1. எந்த ஃபிரேமில் அளக்கப்போகிறீர்களோ அதே ஃபிரேமைத் திறக்கவும்.

2. முன்மூட்டின் கீழ்விளிம்பில் முதல் புள்ளி.

3. வால் எலும்பின் கடைசி மூட்டில் இரண்டாவது புள்ளி.

4. இரண்டையும் நேர்கோட்டால் இணைக்கவும்.

5. ஒவ்வொரு உறுப்பின் ஆதாரப் புள்ளியிலிருந்தும் இந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக அளக்கவும். கோட்டுக்குக் கீழே இருந்தால் இறக்கம்.

ஐந்து வரிதான். இவற்றில் மூன்றாவது வரியில்தான் பெரும்பாலான சண்டை. வால் எலும்பில் பல மூட்டுகள் உண்டு, சில ஒட்டிப்போயிருக்கும், சில டைனமிக் படத்தில் தெரியவே தெரியாது. ஒருவர் திருகெலும்பும் வால் எலும்பும் சேரும் மூட்டில் வைப்பார், ஒருவர் வால் நுனியில் வைப்பார், ஒருவர் நடுவில் ஏதோ ஒன்றில் வைப்பார்.

இது எவ்வளவு பாதிக்கும்? கதவைத் தள்ளும்போது கீலுக்குப் பக்கத்தில் சிறிதளவும் விளிம்பில் அதிகமாகவும் நகர்வதுபோல்தான் இந்தக் கோடும். முன்மூட்டில் ஊன்றியிருக்கிறது, வால் பக்கம் ஆடுகிறது. கோட்டின் நீளம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வால் முனையை 1 செ.மீ. மேலே வைத்துவிட்டீர்கள். முன்மூட்டிலிருந்து 2.5 செ.மீ. தூரத்தில் சிறுநீர்ப்பையை அளக்கும்போது பிழை 0.25 செ.மீ. மலக்குடலும் ஆசனவாயும் சேரும் இடம் 6 செ.மீ. தூரத்தில் இருந்தால் பிழை 0.6 செ.மீ. ஒரே தவறு பின்பக்க உறுப்பை இரண்டு மடங்குக்கு மேல் கெடுக்கிறது. எம்.ஆர்.ஐ. அளவும் மருத்துவர் விரலால் பார்த்த அளவும் முன்பக்க உறுப்புகளில் ஓரளவு ஒத்துப்போய், பின்பக்கத்தில் ஒத்துப்போகாமல் இருப்பதைப் பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. அதற்குக் காரணங்கள் பல இருந்தாலும், இந்தக் கணக்குக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

முனை மேலே போனால் இறக்கம் கூடுதலாகத் தெரியும், கீழே போனால் குறைவாகத் தெரியும். வால் நுனியில் வைப்பவர்கள் எப்போதும் 'லேசு' என்றே எழுதுவதற்கு இதுதான் காரணம்.

முன்மூட்டின் பக்கம் தவறினால் நிலைமை தலைகீழ். கீழ்விளிம்புக்கு அரை செ.மீ. மேலே வைத்தால் சிறுநீர்ப்பையின் அளவில் ஏறக்குறைய 0.4 செ.மீ. பிழை வரும், பின்பக்கத்தில் குறைவாக வரும். முன்மூட்டு பளிச்சென்று தெரிவதால் இந்தத் தவறு அரிது, ஸ்லைஸ் விலகாதவரை.

செங்குத்தாக அளப்பதில் பலர் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். 20 டிகிரி சாய்த்து அளந்தாலும் 4 செ.மீ. என்பது 4.26 செ.மீ. ஆகும், அவ்வளவுதான். சாய்க்கச் சொல்லவில்லை. ஆனால் ஐந்து நிமிடம் இருந்தால் அதை வால் மூட்டைத் தேடுவதில் செலவிடுங்கள்.

வால் மூட்டு தெரியாவிட்டால்

டைனமிக் படத்தில் தடிமன் அதிகம், தெளிவு குறைவு. ஓய்வு நிலையில் எடுத்த டி2 சாஜிட்டல் படத்தைப் பக்கத்தில் திறந்து மூட்டை அங்கே கண்டுபிடியுங்கள். திருகெலும்பின் கடைசிக் கட்டையிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். பிறகு அதே மூட்டை டைனமிக் படத்தில் தேடுங்கள்.

ஆனால் கோட்டை ஓய்வுப் படத்திலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டாதீர்கள். முக்கும்போது இடுப்பு சாய்கிறது, வால் எலும்பும் பின்னே அசைகிறது. மூட்டு எது என்பதை மட்டும் ஓய்வுப் படத்திலிருந்து எடுங்கள். அதன் இடம் எங்கே என்பதை அளக்கும் ஃபிரேமிலிருந்தே எடுங்கள். வொர்க்ஸ்டேஷனில் 'எல்லா ஃபிரேமுக்கும் நகலெடு' என்ற வசதி இருந்தால் இந்தப் பரிசோதனையில் அதைத் தொடாதீர்கள்.

வால் எலும்பு அசைகிறதே என்பதற்காகச் சிலர் திருகெலும்பு-வால் எலும்பு மூட்டையே ஆதாரமாகக் கொள்கிறார்கள். அந்தக் கோடு பின்பக்கம் உயரமாகப் போகும், அதனால் இறக்கம் அதிகமாகத் தெரியும். அது தவறான முறை இல்லை. ஆனால் பி.சி.எல். என்று பெயர் போட்டு இந்த மூட்டில் அளப்பது தவறு. துறையில் எல்லோரும் ஒரே மூட்டைப் பயன்படுத்துகிறோமா என்று ஒருநாள் உட்கார்ந்து பேசிவிடுங்கள், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

எந்தப் புள்ளியை அளப்பது

சிறுநீர்ப்பையில் அதன் அடிப்பகுதியின் மிகத் தாழ்ந்த புள்ளி. கருப்பையில் கருப்பை வாயின் முன் உதடு. கருப்பை அகற்றப்பட்டவருக்கு யோனியின் மேல்முனை. கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் சிறுகுடலோ கொழுப்போ இறங்கியிருந்தால் அதன் தாழ்ந்த புள்ளி. பின்பக்கத்தில் மலக்குடலும் ஆசனவாயும் சேரும் இடம்.

முன், நடு உறுப்புகளுக்கு 'மூன்றின் விதி' நினைவில் வைக்க எளிது. கோட்டுக்குக் கீழே 3 செ.மீ. வரை இலேசு, 3 முதல் 6 வரை நடுத்தரம், 6க்கு மேல் தீவிரம். 1 செ.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் இறக்கம் என்றே எழுதுவதில்லை. மலக்குடல்-ஆசனவாய்ச் சந்திப்பை இந்த விதியில் பொருத்தாதீர்கள். நோயில்லாத பெண்ணுக்கே அது கோட்டுக்குக் கீழே இருக்கும், அதற்கு எல்லை வேறு.

மலக்குடலின் முன்சுவர் யோனிப் பக்கம் பிதுங்கியிருந்தால் அதன் ஆழத்தை பி.சி.எல். கோட்டிலிருந்து அளக்கக் கூடாது. ஆசனவாயின் முன்சுவரை மேல்நோக்கி நீட்டிப் பாருங்கள், சுவர் இயல்பாக இருந்திருக்க வேண்டிய இடம் அது. அங்கிருந்து பிதுக்கத்தின் நுனிவரை அளவு. 2 செ.மீ.க்குள் சிறியது, 2 முதல் 4 வரை நடுத்தரம், அதற்குமேல் பெரியது. ஜெல் வெளியேறும் தொடரில் அளந்தால்தான் இதற்குப் பொருள் உண்டு.

எச் கோடும் எம் கோடும் இடுப்புத் தளத்தின் அகலத்தையும் சரிவையும் சொல்பவை. முன்மூட்டின் கீழ்விளிம்பிலிருந்து மலக்குடல்-ஆசனவாய்ச் சந்திப்பின் பின்சுவர்வரை எச். அந்த முனையிலிருந்து பி.சி.எல். கோட்டுக்குச் செங்குத்தாக எம். எச் 5 அல்லது 6 செ.மீ.க்குள், எம் 2 செ.மீ.க்குள் இருப்பது இயல்பு. எம் கோடு பி.சி.எல்.லை நம்பி நிற்கிறது, ஆகவே வால் மூட்டின் பிழை அதிலும் ஏறும். எச் கோடு அதை நம்பவில்லை. வால் மூட்டு தெரியாத படத்தில் இவ்விரண்டில் எச் மட்டும்தான் நம்பத்தக்கது.

மகப்பேறு மருத்துவரின் எண்ணோடு ஒப்பிடும்போது

அவர் எழுதியிருப்பது பாப்-க்யூ அளவு. 1996இல் வகுக்கப்பட்ட அந்த முறையில் கன்னிச்சவ்வுதான் பூஜ்யம், அதற்கு மேலே கழித்தல் எண், கீழே கூட்டல் எண். நம் பி.சி.எல். கோடு அதைவிட மேலே, உடம்புக்குள் இருக்கிறது. ஆகவே நம் ரிப்போர்ட்டில் 'கோட்டுக்குக் கீழே 2 செ.மீ.' என்று வரும் உறுப்பு அவருடைய கணக்கில் இன்னும் சவ்வுக்கு மேலேயே இருக்கலாம். இதைத் தெரியாமல் 'எம்.ஆர்.ஐ. அதிகமாகச் சொல்கிறது' என்று குறைப்படுபவர்கள் உண்டு.

முன்மூட்டின் நெடும்போக்கிலேயே கீழே நீட்டிப் போடும் கோடு ஒன்றும் இருக்கிறது. அது சவ்வின் உயரத்துக்கு நெருங்கி வரும் என்பதால் மருத்துவரின் அளவோடு ஒத்துப்போகும் என்று எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவு ஒத்துப்போகவில்லை. இரண்டு கோட்டையும் போட்டு இரண்டு எண்ணையும் எழுதினால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றை மாற்றிக் கணக்கிட்டு 'பாப்-க்யூ இரண்டாம் நிலை' என்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். அந்த நிலையைச் சொல்ல வேண்டியவர் கையால் பரிசோதித்தவர்.

படுத்த நிலையும் ஒரு வேறுபாடு. உட்கார்ந்து எடுக்கும் திறந்த இயந்திரங்களில் இறக்கம் கூடுதலாகத் தெரியும். நம்மிடம் இருப்பது படுக்கும் இயந்திரம் என்றால், நன்றாக முக்கவைத்து, ஜெல்லையும் வெளியேற்றவைத்தால் சிகிச்சையை மாற்றும் அளவுக்கான இறக்கம் பெரும்பாலும் தவறிவிடாது.

உங்கள் பிழை எவ்வளவு என்று கண்டுபிடிக்க

இதை யாரும் செய்வதில்லை. ஒரு மாலை போதும்.

1. துறையில் எடுத்த 25 படங்களைத் தேர்ந்தெடுங்கள். நன்றாக வந்தவை மட்டும் வேண்டாம், சுமாரானவையும் இருக்கட்டும். பெயரையும் பழைய ரிப்போர்ட்டையும் மறைத்துவிடுங்கள்.

2. இருவர் தனித்தனியே அளக்கட்டும். கோட்டையும் அவரவரே போட வேண்டும், ஃபிரேமையும் அவரவரே தேர்ந்தெடுக்க வேண்டும். கோட்டை முன்பே போட்டுக் கொடுத்துவிட்டு அளக்கச் சொன்னால் சோதனை பொய்யாகிவிடும்.

3. ஒவ்வொரு படத்திலும் முதலாமவர் அளவிலிருந்து இரண்டாமவர் அளவைக் கழியுங்கள்.

4. வித்தியாசங்களின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கண்டுபிடியுங்கள். எக்செல் போதும்.

5. சராசரியோடு 1.96 மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டியும் கழித்தும் இரண்டு எல்லை எடுங்கள்.

இது பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் சொன்ன வழி. இதற்குப் பதிலாகத் தொடர்புக் கெழுவை மட்டும் கணக்கிட்டு 0.95 வந்தது என்று மகிழ்பவர்கள் உண்டு. ஒருவர் எப்போதும் 1 செ.மீ. கூடுதலாகவே அளந்தாலும் அந்தக் கெழு 1 என்றே வரும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். சராசரி வித்தியாசம் 0.2 செ.மீ., திட்ட விலக்கம் 0.5 செ.மீ. எல்லைகள் ஏறக்குறைய கழித்தல் 0.8 முதல் கூட்டல் 1.2 வரை. முதலாமவர் 3.3 என்று எழுதிய நோயாளிக்கு இரண்டாமவர் 2.1 முதல் 4.1 வரை எதையும் எழுதியிருக்கலாம். 'நடுத்தரம்' என்ற சொல்லை எவ்வளவு உறுதியாக எழுதலாம் என்று இதைப் பார்த்த பிறகு நீங்களே முடிவு செய்வீர்கள். எல்லைக்கு அருகில் விழும் எண்ணை எண்ணாகவே எழுதி, 'இலேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில்' என்று சேர்ப்பது நேர்மை.

வித்தியாசம் பெரிதாக வந்த படங்களை மட்டும் இருவரும் சேர்ந்து திறந்து பாருங்கள். பெரும்பாலும் வால் மூட்டு வேறாகவோ ஃபிரேம் வேறாகவோ இருக்கும். அதைப் பேசித் தீர்த்துவிட்டு சில வாரம் கழித்து அதே படங்களைத் திரும்ப அளந்தால் எல்லை எவ்வளவு சுருங்கியது என்று தெரியும்.

குறிப்பு: நீங்களே இரண்டு முறை அளந்து உங்கள் வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தையும் எடுங்கள். அது 0.3 செ.மீ. என்றால், தொடர்பரிசோதனையில் 0.6 செ.மீ.க்குக் குறைவான மாற்றத்தை மாற்றம் என்று சொல்ல முடியாது. அந்த 0.6இல் நோயாளி அன்றும் இன்றும் முக்கியதிலுள்ள வேறுபாடு சேரவில்லை. உண்மை எல்லை இன்னும் பெரிது.

ரிப்போர்ட்டில் விடக் கூடாதவை

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அளக்காதீர்கள். அதில் புள்ளியின் அளவு பற்றிய தகவல் அழிந்துபோயிருக்கும். ஃபிலிமில் ஸ்கேல் வைத்து அளக்க நேர்ந்தால் ஓரத்திலுள்ள செ.மீ. பட்டையோடு ஒப்பிட்டுத்தான் எண்ணை எடுக்க வேண்டும்.

எழுத வேண்டியவை இவை: எந்தக் கோடு, அதன் பின்முனை எந்த மூட்டு, எந்தத் தொடரின் எந்த ஃபிரேம், படுத்த நிலையா உட்கார்ந்த நிலையா, எவ்வளவு ஜெல், அது வெளியேறியதா, முக்கியது போதுமா. ஒரு மாதிரி:

'படுத்த நிலை, மலக்குடலில் 150 மி.லி. ஜெல், முழுவதும் வெளியேறியது. முக்கும் முயற்சி நன்று. பி.சி.எல். கோடு முன்மூட்டின் கீழ்விளிம்பிலிருந்து வால் எலும்பின் கடைசி மூட்டுவரை. ஜெல் வெளியேறும் தொடர், 14ஆம் ஃபிரேம்: சிறுநீர்ப்பை அடி கோட்டுக்குக் கீழே 3.3 செ.மீ., கருப்பை வாய் 1.8 செ.மீ., மலக்குடல் முன்பிதுக்கம் 2.5 செ.மீ.'

கோடு போட்ட படத்தையே சேமித்து ரிப்போர்ட்டோடு அனுப்புங்கள். முக்கியது போதவில்லை என்றால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள், 'இறக்கம் இல்லை' என்று எழுதாதீர்கள். 'இந்தப் படத்தில் இறக்கத்தை மதிப்பிட இயலவில்லை' என்பது வேறு பொருள்.

அறுவைக்குப் பிறகு அதே பெண் திரும்ப வரும்போது பழைய ரிப்போர்ட்டின் எண்ணை எடுத்துப் புதிய எண்ணோடு கழிக்காதீர்கள். பழைய படத்தைத் திறந்து, உங்கள் கையால் மறுபடி கோடு போட்டு, புதியதையும் அதே மூட்டில், அதே தொடரில் அளந்து, இரண்டு எண்ணையும் ஒரே ரிப்போர்ட்டில் எழுதுங்கள். பழைய படம் கிடைக்கவில்லை என்றால் ஒப்பீடு செய்யப்படவில்லை என்று எழுதிவிடுங்கள்.